கொண்டைக்குள் வந்த குடை

வேலையிலிருந்து வந்ததும் ரெஜினா முதலில் செய்கிற காரியம் கொண்டையை அவிழ்ப்பதுதான். முகம் கழுவுவது, காப்பி குடிப்பது, புருஷனைப் பற்றி ரெண்டு வார்த்தை முணுமுணுப்பது எல்லாம் அதற்கப்புறம். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அந்தச் சந்தே பார்த்துப் பொறாமைப்படுகிற கூந்தல். சின்ன மகள் ஜூடித் ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாள். அம்மா தரையில் உட்கார்ந்து, ஹேர்பின்களை உருவி உதட்டில் கவ்விக்கொண்டு தலையைக் குனிவாள். முடி சரிந்து விழும். முடிக்கு நடுவிலிருந்து துணி விழும்.

உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னத் துண்டுகள். ஒருநாள் பச்சை, ஒருநாள் செங்கல் நிறம், ஒருநாள் கல்யாண வீட்டுக் கேசரி நிறம். தேங்காய் எண்ணெய் வாசத்தோடு சூடாக இருக்கும். ஜூடித் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள்.

ரெஜினா பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் டைலர். கட்டிங் டேபிளுக்குக் கீழே குவிகிற வெட்டுத் துணியைக் கம்பெனி மூட்டை கட்டி வேஸ்ட் எடுக்கிறவனுக்குப் போடும். அந்தக் குப்பையிலிருந்து ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோனால் திருட்டு. சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி பொம்பளை இடுப்பைத் தடவுவாள், பையைக் கொட்டிப் பார்ப்பாள், டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாள். தலையில் மட்டும் கை வைக்க மாட்டாள்.

"எண்ணெத் தல இல்ல? தொட்டா கைய கழுவணும். அவளுக்கு சோப்பு யாரு குடுக்கறாங்க?" என்று ரெஜினா சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு தீபாவளி வரைக்கும்தான் இருந்தது. அவள் லைனிலேயே தைத்துக்கொண்டிருந்த ரமா ஜாக்கெட்டுக்குள் ஒரு லேஸ் துண்டோடு மாட்டிக்கொண்டாள். அந்த லேஸை அவள் கழுத்திலேயே மாலை மாதிரிப் போட்டு, ஷிஃப்ட் விட்டுப் போகிற அத்தனை பேரும் பார்க்கும்படி கேட்டில் நிற்க வைத்தார்கள். மறுநாளிலிருந்து ரமா வேலைக்கு வரவில்லை.

"தலயத் தூக்கவே இல்லடி அவ," என்றாள் ரெஜினா அன்றைக்கு, பின்னை உருவியபடி. "நான் பக்கத்துல உரசிக்கினுதான் வந்தேன். அவ கழுத்துல தொங்கினத வுட என் கொண்டயில கீறது பெருசு."

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஜூடித்துக்குப் படிப்பு ஓடாது. ஒன்பதாவது வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சந்து முனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அம்மாவின் தலை தெரிய வேண்டும். கொண்டை அப்படியே இருக்க வேண்டும். அப்புறம்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரஜாய் பாதியில் கிடந்தது. பெங்களூர்க் குளிர் மாதத்தில் நாலு பேருக்கு ரெண்டு போர்வை வைத்துக்கொண்டு இழுபறி செய்து, அம்மாவே வைராக்கியமாய் ஆரம்பித்த ரஜாய் அது. அடியில் அவளுடைய பழைய சேலை ரெண்டு. நடுவில் புருஷன் மரியதாஸின் கறுப்புக் கம்பளி. தங்கவயலில் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தபோது அவன் போர்த்திக்கொண்டு போனது. அதற்கு மேல் கொண்டையில் வந்த துண்டுகள். சாப்பாடு ஆனதும் அம்மாவும் மகள்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே வருவார்கள். கம்பளி முரட்டுக் கம்பளி. மெத்தை ஊசி அதில் இறங்காது; தள்ளித் தள்ளி விரல் முனை காய்த்துப் போகும்.

"ஸ்டெல்லா, உன் தையலு குடிகாரன் நடந்த மாதிரி போவுது பாரு," என்பாள் அம்மா.

"டீச்சர் கை அப்பிடித்தான் இருக்கும். எழுதற கை," என்பாள் மூத்தவள் ஸ்டெல்லா. நர்சரி டீச்சர் ட்ரெயினிங் போய்க்கொண்டிருந்தாள். ஏப்ரலில் முடிகிறது. இப்போதே வீட்டில் எல்லோரையும் யூ.கே.ஜி. பிள்ளைகளைப் போல அதட்டுவாள்.

"எழுதற கையா? நேத்து பால்காரன் கணக்க நீதான எழுதினே. அத படிக்க வேற ஒரு டீச்சர் வரணும்," என்பாள் ஜூடித். ஊசி பிடித்த கையாலேயே ஸ்டெல்லா அவள் தொடையைக் கிள்ளுவாள்.

அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. பூவோ பொம்மையோ போட்ட துணியைத் தொடமாட்டாள். "ப்ளைன் துணின்னா சிக்பேட்டயில வாங்கினேன்னு சொல்லிக்கலாம். டிசைன் போட்டதெல்லாம் ஃபாரின் ஆர்டரு. இந்த ஊர்ல எந்தக் கடயிலயும் கெடைக்காது. தெரிஞ்சவன் பாத்தா புடிச்சிருவான்."

அந்தச் சட்டத்தை அவளே ஒருதரம் மீறினாள். ஜூடித் காய்ச்சலில் கிடந்த வாரம். கொண்டையிலிருந்து மஞ்சள் துணி விழுந்தது. அதில் நீலக் குடைகள். குட்டிக் குட்டியாய், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து. ஏதோ தேசத்துக் குழந்தைகளின் ராத்திரிச் சட்டைக்கான துணி. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். ரஜாயின் நட்ட நடுவில் அவற்றைச் சேர்த்து வைத்துத் தைத்து முடித்தாள்.

"இது வூட்டுக்குள்ள மட்டும்தான்," என்றாள். "வெயில்ல காயப் போட்டாக்கூட உள்பக்கமா மடிச்சிப் போடணும், தெரிதா?"

*

ஜூடித்தின் நைனா மரியதாஸ் சுரங்கத்தில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்த ஆள். இப்போது காக்ஸ் டவுனில் ரெண்டு பங்களாவுக்குத் தோட்ட வேலை. அங்கே வெட்டிப் போடுகிற கிளை, கழித்துப் போடுகிற கிழங்கு எல்லாம் பையில் வீட்டுக்கு வரும். மொட்டை மாடி முழுக்கப் பெயிண்ட் டப்பாவும் எண்ணெய் டின்னுமாகத் தோட்டம். ரோஜா, கனகாம்பரம், கொத்தமல்லி, ஓரத்துக் கம்பியில் ஏறிய அவரை. வீட்டுக்கார கிருஷ்ணப்பா படியேறி வந்து பார்த்துவிட்டுப் போகும்போதெல்லாம் ஒரு பாட்டுப் பாடுவார்.

"ஏன்ப்பா மரியதாஸு, என் மாடிய லால்பாக் பண்ணிட்டியா? ஒழுகிச்சுன்னா நீனே சரி பண்ணணும், நோடு, பாத்துக்கோ."

"ஒழுவாது சார். அடியில செங்கல்லு வெச்சிக்கீறேன். அவரக்கா வந்ததும் மொதல் பறிப்பு ஒங்களுக்குத்தான்."

"அது சரி. ஜாஸ்தி இருக்கட்டும்."

தங்கவயலில் நைனா பிறந்து வளர்ந்த லைன் வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடு. சுரங்கத்துக் கழிவு மண் மலையாய்க் குவிந்து கிடக்கும். காற்றடித்தால் சோற்றுத் தட்டில் வந்து விழும். அதில் புல்கூட முளைக்காது. அதனாலேயோ என்னவோ, ஒரு டின் நல்ல செம்மண் கண்ணில் பட்டால் போதும், அவன் கை சும்மா இருக்காது. அந்த வருஷம் அவரையில் அசுவினிப் பூச்சி விழுந்தது. கொழுந்தெல்லாம் கறுப்பு மொய்த்துக் கிடந்தது. புகையிலையை ஊற வைத்த தண்ணீரைத் தெளித்து, அடுப்புச் சாம்பல் தூவி, விடிகாலையில் போய் ஒவ்வொரு கொழுந்தாய் விரலால் வழித்து எடுத்தான். கார்த்திகைச் சாரலில் அது பூ விட்டபோது, ரெஜினாவைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான்.

"இதுக்கா அடுப்ப அணைச்சிட்டு வரச்சொன்னே?" என்றாள் அவள். ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அந்த வாரம்தான் மாதா கோயிலில் யாரோ வரன் சொன்னார்கள். பையன் பெலிக்ஸ், பீன்யாவில் லேத் பட்டறை. அப்பா அம்மா இல்லை. மாமா சூசைநாதன்தான் வளர்த்தார், அவர் சொன்னதுதான் சட்டம். அவர் ஏதோ கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை. பீன்யாவில் கம்பெனிக்கா பஞ்சம்?

"பாக்கறதுக்கு முன்னாடியே சரின்னு சொல்லிட்டியா நைனா?" என்று ஸ்டெல்லா நேராகக் கேட்டாள்.

"ஐய, நான் ஏம்மா சொல்றேன்? வந்து காப்பி குடிக்கட்டும். நீ பேசிப் பாரு. புடிச்சிருந்தா வெத்தல தட்ட நீ எடுத்துக்கினு வா. புடிக்கலியா, தட்ட ஜூடித் கையில குடுத்து அனுப்பு. எனக்குப் புரிஞ்சிரும். 'பொண்ணு படிப்ப முடிக்கட்டும்'னு சொல்லி அனுப்பி வெச்சிர்றேன்."

"கோச்சிக்கினாங்கன்னா?"

"கோச்சிக்கட்டும். பஜ்ஜி துன்னுட்டுத்தான போவாங்க, சும்மாவா போறாங்க?"

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். தட்டு யார் கையில் வருகிறது என்பதுதான் பேச்சு. அதை நைனா வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் நின்று இன்னொரு தரமும் சொன்னான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தூறல். துவைத்துப் போட்ட ஒரே நல்ல பெட்ஷீட் கொடியில் ஈரமாய்த் தொங்கியது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார லட்சுமம்மா ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கட்டிலைப் பார்த்து நின்றாள். மெத்தை இல்லாத கட்டில்; கிழிந்த பாயும் அதற்குக் கீழே பலகையும் பல்லிளித்தன.

"அய்யோ, மஞ்சத்து மேல ஏனாதரு ஹாக்கும்மா! பீகரு, சம்மந்தி ஆளுங்க, இது மேலயா உக்காருவாங்க? ஏதாச்சும் விரிம்மா ஜூடித்து, பேக பேக, சீக்கிரம்!"

அம்மா அடுப்படியில் கடலை மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா சேலை கட்டிக்கொண்டிருந்தாள். நைனா பஸ் ஸ்டாப்புக்கு எதிர்கொண்டு அழைக்கப் போயிருந்தான். ஜூடித்துக்கு விரிக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை. ரஜாயைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். அடிப்பக்கம் அம்மாவின் பழைய சேலை, கறையும் கிழிசலுமாக. நேராகவே விரித்தாள். நடுவிலிருந்த குடைகளின் மேல் தலையணையை வைத்து அழுத்தினாள். நன்றாகத்தான் இருந்தது. அந்த அறைக்கே ஒரு களை வந்த மாதிரி இருந்தது.

"ஆஹா, சென்னாகிதே!" என்றாள் லட்சுமம்மா.

அவர்கள் வந்தார்கள். சூசைநாதன் வழுக்கைத் தலையும் பெரிய சிரிப்புமாகக் கட்டிலில் உட்கார்ந்தார். பெலிக்ஸ் நாற்காலியில். காப்பி, பஜ்ஜி எல்லாம் ஆனது. "சின்னவங்க ரெண்டு வார்த்த பேசட்டும்," என்று சூசைநாதனே சொன்னார். வீட்டில் இடமில்லாததால் மாடிக்கு அனுப்பினார்கள். துணைக்கு ஜூடித்.

தூறல் விட்டிருந்தது. பெலிக்ஸ் டின்களைச் சுற்றிப் பார்த்தான்.

"இதெல்லாம் உங்கப்பாவா? நல்ல டைம்பாஸு."

"டைம்பாஸ் இல்ல. அதுதான் அவரு வேல," என்றாள் ஸ்டெல்லா.

"என்ன படிக்கிறேன்னாங்க?"

"நர்சரி டீச்சர் ட்ரெயினிங். ஏப்ரல்ல முடிது."

"பசங்க மூக்கத் தொடைக்கிறதுக்கு ட்ரெயினிங் வேறயா?" தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். "கண்ணாலம் ஆனா வூட்டோடவே தொடைக்கலாம். நமக்கு பொம்பளைங்க வேலைக்குப் போறது செட் ஆவாது. நான் ஓப்பனா பேசற ஆளு."

சிகரெட் ஒன்றைப் பற்ற வைத்து, நாலு இழுப்பு இழுத்து, மிச்சத்தை அவரைக் கொடியின் தூரில், ஈர மண்ணில் குத்தி அணைத்தான். சொய்ங் என்றது. அவன் முன்னால் இறங்கிப் போனான். ஸ்டெல்லா குனிந்து அந்தத் துண்டைப் பிடுங்கி எடுத்து, சேலை முந்தானையால் மண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகம் கோபமாக இல்லை, தெளிவாக இருந்தது.

"தட்ட நீ எடுத்துக்கினு போ," என்றாள்.

ஜூடித்துக்கு உடம்பே லேசாகிவிட்டது. ரெண்டு ரெண்டு படியாய் இறங்கினாள். அடுப்படியில் வெற்றிலைத் தட்டு தயாராக இருந்தது. வாழைப்பழம், பாக்கு, மேலே ஒரு ரோஜா. ஸ்டெல்லா அதைத் தூக்கி அவள் கையில் வைத்தாள்.

அப்போது முன்னறையில் சூசைநாதனின் குரல் கேட்டது.

"இத யாரு தச்சது?"

ஜூடித் எட்டிப் பார்த்தாள். தலையணை அவர் மடியில் இருந்தது. சௌகரியமாய்க் கையூன்ற எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அது இருந்த இடத்தில் மஞ்சளில் நீலக் குடைகள் பளிச்சென்று தெரிந்தன. அவர் அதைப் புறங்கையால் தடவிக்கொண்டிருந்தார். அதுவரை அடுப்படியை விட்டு வராத ரெஜினா, பஜ்ஜித் தட்டோடு வந்து நின்று இப்போதுதான் கட்டிலைப் பார்த்தாள்.

"வூட்லதான் அண்ணா... பழைய துணி..."

"பழைய துணியா!" சூசைநாதன் வீடே அதிரச் சிரித்தார். "தங்கச்சி, யாருகிட்ட? இந்தக் குடை நம்ம கம்பெனி ஆர்டராச்சே! நான் யூனிட் டூல ஸ்டோரு. நீ எது, யூனிட் ஒன்னா? இது பூரா என் கையத் தாண்டித்தான் போயிருக்குது. சோக்கான துணி. பத்து வாட்டி தொவச்சாலும் சாயம் போவாது."

ரெஜினாவின் கை தானாகத் தலைக்குப் போனது, கொண்டையைத் தொட்டது, இறங்கியது. மரியதாஸ் மனைவியைப் பார்த்தான், ரஜாயைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அட, ஏன் மூஞ்சி இப்பிடிப் போவுது? பயப்படாத தங்கச்சி. வூட்டு விசயம் வெளிய போவுமா? நாமெல்லாம் ஒண்ணாயிட்டா எது உன்னுது, எது என்னுது?"

பெலிக்ஸும் சிரித்தான். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைகிற வாடை வந்தது. ஜூடித்தின் கையிலிருந்த தட்டு சாய்ந்து பாக்கு உருண்டு கீழே விழுந்தது. அவளுக்குக் கம்பெனி கேட் தெரிந்தது, அம்மாவின் கழுத்தில் மஞ்சள் துணி தெரிந்தது.

ஸ்டெல்லா குனிந்து பாக்கைப் பொறுக்கித் தட்டில் போட்டாள். பிறகு தட்டைத் தங்கையின் கையிலிருந்து வாங்கினாள். ஜூடித் விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"வுடுடி," என்றாள் மெதுவாக. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தட்டோடு முன்னறைக்குப் போனாள்.

போகும்போது சூசைநாதன், "தங்கச்சி, கேக்கறனேன்னு நெனைக்காத. இந்த ரஜாய நான் எடுத்துக்கட்டுமா?" என்றார். யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? தூறலில் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவர் ஒன்றும் நைனாவே தேடிக் கொடுத்தான்.

*

அன்று ராத்திரி குளிர் அதிகம். அக்காவும் தங்கையும் ஒரே போர்வைக்குள் கிடந்தார்கள். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா இருமுகிற சத்தம்.

"அக்கா... நான்தான் விரிச்சேன்."

"தெரியும். தூங்கு."

"தலகாணி வெச்சேன்க்கா. அவரு எடுப்பாருன்னு நெனைக்கல. பயமா கீதுக்கா. போலீஸ் வருமா?"

"வராது. அதான் நான் தட்ட எடுத்துக்கினு போனனே."

"நீ வேணாம்னு சொல்லு. காலையில நானே போயி அவருகிட்ட சொல்றேன், நான்தான் திருடினேன்னு."

"நீ கார்மெண்ட்ஸுக்குள்ள எப்பிடிடி பூந்தே? எலியா நீ?" ஸ்டெல்லா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தங்கையின் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அம்மா நேராகவே பேசினாள். "இப்பவும் ஒண்ணும் குடி முழுவிடல. வேணாம்னு சொல்லியனுப்பு. நான் கேட்டுல நிக்கறேன்."

"நின்னுட்டு?" என்றாள் ஸ்டெல்லா. "அப்பறம் எந்த கம்பெனில சேத்துப்பாங்க? ரமாக்கா இப்ப இன்னா பண்றாங்க, தெரியுமா உனக்கு?"

அம்மாவுக்குத் தெரியும். நைனா இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. அவன் கொடுத்த வாக்கு அவன் கண் முன்னாலேயே அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் கை மாறிப் போயிருந்தது. வீட்டில் மிச்சமிருந்த குடைத் துண்டுகளை எல்லாம் ஒரு பையில் திணித்துக்கொண்டு மாடிக்கு ஏறினான். ஜூடித் பின்னாலேயே போனாள்.

"எரிச்சிரலாமே நைனா?"

"எரிச்சா நாறும். கிருஷ்ணப்பா வந்து இன்னான்னுவாரு."

அவரை டின்னைச் சுற்றிக் கிளறி, வேர் அறுபடாமல் கையாலேயே மண்ணை அள்ளி, துண்டுகளை அடியில் வைத்து மூடினான். மேலே தண்ணீர் ஊற்றி உள்ளங்கையால் அழுத்தினான். விதை போட்டாலும் அப்படித்தான் அழுத்துவான்.

ரெஜினா அன்றிலிருந்து கொண்டை போடுவதை விட்டுவிட்டாள். ஒற்றைப் பின்னலோடு வேலைக்குப் போனாள். கேட்டில் செக்யூரிட்டி பொம்பளை, "என்ன ரெஜினாக்கா, ஸ்டைலு மாறிப்போச்சு?" என்று கேட்டாளாம். சாயங்காலம் வீட்டில் கதவைச் சாத்த வேண்டிய வேலை இல்லாமல் போனது. ஜூடித் பழக்கத்தில் ஒருநாள் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பிறகு தானே திறந்து வைத்தாள்.

ஜனவரியில் கல்யாணம். ட்ரெயினிங் சென்டருக்குப் போய் ஸ்டெல்லா தன் கலர் பேப்பர், கத்தரிக்கோல், களிமண் பொம்மை எல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். பொம்மையை ஜூடித்திடம் கொடுத்தாள். அந்த வருஷம் அவரை எப்போதும் இல்லாத காய்ப்பு. கல்யாணச் சாம்பாரில்கூட அதுதான். கிருஷ்ணப்பாவுக்கு ஒரு முறம் போனது.

*

கல்யாணம் முடிந்த ரெண்டாவது ஞாயிறு தாசரஹள்ளியில் சூசைநாதன் வீட்டில் விருந்து. அவர் மனைவி ஜோசபின் வாசலுக்கே ஓடி வந்து ரெஜினாவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வெகுளியான பொம்பளை. பேச்சு நிற்காது.

"வா சம்மந்தி, வா. உன் கையப் பாக்கணும்னு எத்தினி நாளா சொல்லிக்கினே கீறேன்! என்னா தையலு! வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டறேன்."

உள்ளே நுழைந்ததும் ஜூடித் ஜன்னலைப் பார்த்தாள்.

ஜன்னலில் குடை. அடுத்த ஜன்னலில் குடை. ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவுக்குப் பதிலாக, மேலேயிருந்து தரை வரைக்கும் குடை. டி.வி. மேல் போட்ட உறையில், தலையணைகளில், தையல் மெஷினை மூடிய துணியில், ஜோசபின் மாட்டியிருந்த நைட்டியில். மஞ்சளில் நீலக் குடைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து. நடுவில் சோபாவின் மேல் அவர்கள் வீட்டு ரஜாய், மரியாதையாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"பாத்தியா சம்மந்தி, ரெண்டும் ஒரே துணி!" என்றாள் ஜோசபின். "அன்னிக்கு ஒங்க வூட்லருந்து வந்தப்பறம் இவரு ஒரே குஷி. 'ஜோசு, நம்ம ஸ்கிரீனுக்கு மேட்சிங்கா ஒரு ரஜாய் கீதுடி, கேட்டு வாங்கியாந்துட்டேன்'னாரு. வண்டியில ரோலு ரோலா வரும், இவரு நமக்குன்னு ஒரு ரோலு எடுத்து வெச்சிருவாரு. எல்லா ஆர்டர்லயும். பீரோவத் தொறந்தா ஒரு கடயே போடலாம்."

"ஏ, கத பேசினது போதும், சோத்தப் போடு," என்று சூசைநாதன் சிரித்தபடி உள்ளேயிருந்து வந்தார். "வா தங்கச்சி. நம்ம வூடு எப்பிடி?"

ரெஜினா ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திரையின் ஓரத்தைப் பிடித்து, மேலேயிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். மடித்துத் தைத்த கீழ் விளிம்பு வரைக்கும் விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"ஒட்டே இல்ல," என்றாள், யாருக்கும் இல்லாமல்.

ஸ்டெல்லா பிரியாணிச் சட்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். ஸ்டெல்லாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. கல்யாணம் ஆன மறுநாளே விழுந்து கும்பிட இந்த வீட்டுக்கு அழைத்துவந்திருப்பார்கள். அவள் முகத்தில் அழுகை இல்லை. மாடியில் சிகரெட் துண்டைப் பிடுங்கி எடுத்தபோது இருந்த தெளிவும் இல்லை.

பந்தியில் உட்கார்ந்ததும் பெலிக்ஸின் முகத்தில் வெயில் அடித்தது. "ஸ்டெல்லா, அந்த ஸ்கிரீன இஸ்து வுடும்மா," என்றாள் ஜோசபின். ஸ்டெல்லா சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய் இழுத்தாள். வளையங்கள் கிறீச்சிட்டன. வெயில் துணியில் பட்டு, குடை குடையாய் எல்லோர் சோற்றின் மேலும் மஞ்சளாக விழுந்தது. மரியதாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்; வாய்க்குப் போகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. யஷ்வந்த்பூர் தாண்டியதும் ஜூடித்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா. அவரால யாருகிட்டயும் போயி சொல்லியிருக்கவே முடியாதுல்ல?"

ரெஜினா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு அப்பிடி நெனைக்கவே இல்லல்ல? சும்மா அந்த ரஜாய் புடிச்சிப்போயி கேட்டாரு. நம்மதான்..."

"வாய மூடு," என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. காற்றில் முன்பக்கம் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு மரியதாஸ் தொண்டையைச் செருமினான். "மாடியில பொதச்சத எடுத்துரலாமா ரெஜி? இனிமே இன்னா பயம்?"

அவள் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். ஸ்ரீராம்புரம் ஸ்டாப் வந்தது. எழுந்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"வேணாம். இந்நேரம் வேரு புடிச்சிருக்கும். இஸ்தா செடிதான் சாவும்."